டேங்கர் லாரியின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் சமையல் கேஸ் ஏற்றிக்கொண்டு கோவைக்கு வந்த டேங்கர் லாரி ஒன்று அவினாசி சாலை மேம்பாலத்தில், உப்பிலிபாளையத்தில் கவிழ்ந்தது. டேங்கர் தனியாகக் கழன்று சாலையில் கிடந்தது, கேஸ் கசிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் விடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். 500 மீட்டர் சுற்றளவில் இருந்த பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விடப்பட்டது. பிறகு கிரேன்களைக் கொண்டுவந்து தூக்கி, டேங்கரை அங்கிருந்து கொண்டுபோனார்கள். உயிரிழப்பு இல்லை.

எல்லா முறையும் இப்படி முடிவதில்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் பக்கத்தில் சாலா என்ற இடத்தில் கவிழ்ந்த கேஸ் டேங்கர் வெடித்து 20 பேர் இறந்தார்கள். கசிந்த கேஸுக்கு ஒரு தீப்பொறி கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் இதில் பெரிய வித்தியாசம். அது யார் கையிலும் முழுதாக இல்லை. ஆனால் முதலில் ஓடி வருகிறவருக்கு, அவர் போலீஸ்காரரோ, தீயணைப்பு வீரரோ, பக்கத்து டீக்கடைக்காரரோ, உள்ளே இருப்பது என்ன, அதை என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பது தெரிந்திருந்தால் அந்தத் தீப்பொறிக்கான வாய்ப்பு குறையும். அதைச் சொல்வதற்காகத்தான் டேங்கரின் பின்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கிறது. நெடுஞ்சாலையில் தினமும் அதன் பின்னால் வண்டி ஓட்டுகிறோம். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை, படித்தாலும் புரிவதில்லை.

அந்தப் பலகையை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கட்டாயமாக்குகின்றன. 129 முதல் 137 வரையிலான விதிகள் ஆபத்தான சரக்கைப் பற்றியவை. 134-ஆம் விதிதான் அவசரத் தகவல் பலகையைச் சொல்கிறது: சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் குறைந்தது 50 மி.மீ. உயர எழுத்தில், ஐ.நா. எண் குறைந்தது 100 மி.மீ. உயரத்தில், எந்த வகை ஆபத்து என்று காட்டும் சாய்சதுர லேபிள் 250 மி.மீ. அளவில், கூடவே அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்கள்.

பெயரைவிட எண் இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பெயர் ஏமாற்றும். மெத்தனால், எத்தனால் என்ற இரண்டுக்கும் ஓரெழுத்து வித்தியாசம்தான். போனில் அவசரமாகச் சொன்னால் எதிர்முனையில் எது காதில் விழும் என்று சொல்ல முடியாது. இரண்டும் தீப்பிடிக்கும். ஆனால் மெத்தனால் விஷமும்கூட. அது என்ன செய்யும் என்று 2024-இல் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். எண்ணாகச் சொன்னால் மெத்தனால் 1230, எத்தனால் 1170. குழப்பமே வராது. பெட்ரோல் 1203, டீசல் 1202, அமோனியா 1005, குளோரின் 1017, கந்தக அமிலம் 1830. ஆந்திராவிலிருந்து வரும் லாரி ஓசூரில் கவிழ்ந்தாலும், தமிழ்நாட்டு லாரி குஜராத்தில் கவிழ்ந்தாலும், பெயர் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் எண் அதேதான். கேஸ் டேங்கரில் யு.என். 1075 என்று இருக்கும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறது. 1953-இல் அதன் பொருளாதார, சமூக மன்றம் ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்கென்று ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 1956-இல் முதல் பரிந்துரைகள் வெளிவந்தன. சரக்குகளை ஒன்பது வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்சதுர லேபிள் கொடுத்தார்கள். வெடிபொருள் 1, வாயு 2, தீப்பற்றும் திரவம் 3 என்று போகிறது வரிசை. அரிக்கும் பொருள் 8, லித்தியம் பேட்டரி போன்றவை 9. கப்பல், விமானம், ரயில், சாலை என்று தனித்தனி விதிகள் இருந்தாலும் எல்லாம் இந்தப் பரிந்துரைகளைத்தான் அடிப்படையாகக் கொண்டவை. ஆய்வகப் பாட்டிலில் இருக்கும் சிவப்பு விளிம்பு லேபிள் வேறு, தொழிற்சாலைச் சுவரில் இருக்கும் நான்கு நிறக் கட்டம் வேறு. அவை போக்குவரத்துக்கானவை அல்ல. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சரி, எண் தெரிந்துவிட்டது. அந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் பார்க்க நேரமில்லை என்றால்? அதற்கும் ஒரு வழி உண்டு. 1970-களில் லண்டன் தீயணைப்புப் படையில் உருவான ஹாஸ்கெம் குறியீடு அது. முதலில் ஓர் எண், பிறகு ஓர் ஆங்கில எழுத்து, தேவைப்பட்டால் கடைசியில் 'ஈ' (ஆங்கில E). முதல் எண் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும்: 1 என்றால் தண்ணீரைப் பாய்ச்சலாம், 2 என்றால் தண்ணீரைப் பனிமூட்டம் மாதிரி நுண்துளிகளாகத் தெளிக்க வேண்டும், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே படக் கூடாது, உலர்ந்த பொடிதான். நடுவில் வரும் எழுத்து, வீரர்கள் என்ன உடை போட வேண்டும், சிந்தியதைத் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்யலாமா அல்லது சாக்கடைக்குப் போகாமல் அணைகட்டி நிறுத்த வேண்டுமா என்று சொல்லும். 'ஈ' இருந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும்.

நம்மூர் கேஸ் டேங்கர்களில் வழக்கமாக '2 டபிள்யூ ஈ' என்று இருக்கும். நுண்துளித் தண்ணீர், உடல் முழுக்க மூடிய பாதுகாப்பு உடை, சிந்தியதை ஓடவிடாதே, மக்களை விலக்கு. மேலே சொன்ன கோவைச் சம்பவத்தைத் திரும்பப் படித்தால், அன்று தண்ணீர் பீய்ச்சியதும் பள்ளிகளை மூடியதும் இந்த மூன்று எழுத்துக்குள் இருக்கின்றன. பெட்ரோல் டேங்கரில் '3 ஒய் ஈ' என்று பார்க்கலாம். அங்கே நுரை வேண்டும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். தண்ணீரைப் பாய்ச்சினால் எரிகிற பெட்ரோலைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டதாக ஆகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் லேபிள் உயிர் காக்கிறது என்று நினைக்கிறேன். நெருப்பு என்றால் நம் கை தானாகவே தண்ணீரைத் தேடும். அதை நிறுத்தச் சொல்லும் லேபிள் நீல நிறத்தில் இருக்கும், வகுப்பு 4.3. ஈரம் பட்டால் ஆபத்து. இந்த வகுப்பில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று கார்பைட் கல். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தேடித் தேடிப் பிடிப்பார்களே, அதேதான். கால்சியம் கார்பைடு, யு.என். 1402. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்குகிற அதே வாயு. மூடிய இடத்தில் அது சேர்ந்தால் ஒரு சிறு பொறி போதும்.

2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 13 ஆபத்தான சரக்கு, அதிலும் 12 கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல் படை அறிவித்தது. அடுத்த நாட்களில் கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் கன்டெய்னர்கள் வந்து ஒதுங்கின. கரையில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரி இரும்புப் பெட்டிதான். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? அதிகாரிகள் எதையும் தொடாதீர்கள், கிட்டே போகாதீர்கள் என்றார்கள். அது சரியான அறிவுரை. இந்த மாதிரி நேரத்துக்காகவே கடல்வழிச் சரக்கு விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: லேபிளில் இருக்கும் தகவல் கடலில் மூன்று மாதம் ஊறினாலும் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும். எழுதுகிற மையும் ஒட்டுகிற பசையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சாதாரணத் தாளில் பிரின்ட் எடுத்து டேப் போட்டு ஒட்டினால் அது லேபிள் ஆகாது.

அதே கப்பலில் இருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகளுக்கு இந்த விதிகளில் எந்த ஆபத்து லேபிளும் கிடையாது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலும் இதே கதைதான். அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. லேபிள் ஒட்ட வேண்டிய சரக்கு அது, கசிந்ததும் அதுதான். ஆனால் இலங்கையின் மேற்குக் கரையை நாசமாக்கிய பிளாஸ்டிக் குருணைகள், விதிப்படி சாதாரணச் சரக்கு. ஒன்பது வகுப்புகள் பெரும்பாலும் தீ, வெடிப்பு, விஷம், அரிப்பு என்று யோசித்து உருவானவை. கடற்கரை மணலோடு பல ஆண்டுகள் கலந்து கிடக்கப் போகும் ஒரு பொருளை அவை ஆபத்து என்று பார்க்கவில்லை. இதை மாற்ற வேண்டும்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். எண், நிறம், குறியீடு எல்லாம் சரியாகவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பெட்டியின் மேல் என்ன ஒட்டுவது என்று முடிவு செய்பவர் சரக்கு அனுப்புகிறவர். டிரைவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. லாரி புக்கிங் ஆபீஸுக்கும் தெரியாது, துறைமுகத்துக்கும் தெரியாது. அனுப்புகிறவர் எழுதியதை எல்லோரும் நம்புகிறார்கள். இந்திய விதியும் இதை அறிந்தே, முழுத் தகவலையும் கொடுக்கும் பொறுப்பை 131-ஆம் விதியில் முதலில் அவர் மேல் வைக்கிறது. லாரி உரிமையாளரும் டிரைவரும் அடுத்தடுத்த விதிகளில்தான் வருகிறார்கள்.

அந்த முதல் ஆள் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு வேல்யூஜெட் 592 விமானத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1996 மே 11. மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட விமானம் சில நிமிடங்களில் தீப்பிடித்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். சரக்கு அறையில் ஐந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. வேறு விமானங்களிலிருந்து கழற்றிய, காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் அவற்றில் இருந்தன. ஆபத்து நேரத்தில் பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தருகிற சிறு உருளைகள் அவை. இயங்க ஆரம்பித்தால் வெளிப்புறம் 200 டிகிரிக்கு மேல் சூடாகும். தவறுதலாக இயங்காமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மூடி போடவில்லை. போட்டதாகப் பணி அட்டையில் கையெழுத்து மட்டும் இருந்தது. காலாவதியானது என்றால் காலியானது என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள். சரக்குச் சீட்டில் 'ஆக்சிஜன் உருளைகள், காலி' என்று எழுதப்பட்டது. பக்கத்திலேயே விமான டயர்கள். தீயும் உள்ளிருந்தே வந்தது, அது எரிய ஆக்சிஜனும் உள்ளிருந்தே வந்தது. 'காலி' என்ற ஒரு சொல்லைப் பார்த்துச் சரக்கு ஏற்றியவர்கள் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்கவில்லை.

காலி என்பது சாலையிலும் இதே அளவு ஆபத்தான சொல். பெட்ரோல் இறக்கிவிட்டு வரும் டேங்கருக்குள் திரவம் இருக்காது, ஆவி இருக்கும். முழுக்க நிரம்பிய டேங்கருக்குள் காற்று குறைவு. காலி டேங்கருக்குள் ஆவியும் காற்றும் சேர்ந்து வெடிக்கத் தயாரான கலவையாக இருக்கலாம். அதனால்தான் உள்ளே கழுவி, ஆவி நீக்கும் வரை பலகையைக் கழற்றக் கூடாது, மறைக்கவும் கூடாது. காலி டேங்கர்தானே என்று வெல்டிங் வைத்து உயிரிழந்த பட்டறைத் தொழிலாளிகள் பற்றிய செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம்.

சரக்கின் பெயரைப் பாதி மட்டும் சொல்வதும் பொய்தான். 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் சுமார் 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. மூட்டைகளில் உரம் என்று எழுதியிருந்தது. வெடிக்கும் என்று எழுதவில்லை. புகை வந்தபோது, தண்ணீர் விட்டால் சரக்கு கெட்டுப்போகும் என்று மூடிகளை அடைத்து நீராவியைச் செலுத்தினார்கள். பல பொருள்களுக்கு அது பலன் தரும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட் சூடானால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும், காற்றை அடைத்துப் பயனில்லை. கப்பல் வெடித்தது. குறைந்தது 580 பேர் இறந்தார்கள். அணைக்கப் போன ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் இறந்தார்கள். இன்று அதே பொருளுக்கு மஞ்சள் லேபிள், வகுப்பு 5.1, ஆக்சிஜன் தந்து தீயை வளர்க்கும் பொருள்.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 2015-இல் கரூரைச் சேர்ந்த ஓர் இறக்குமதியாளர் கொண்டுவந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைச் சென்னையில் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. உரத்துக்கானது என்று சொல்லி வந்தது, உண்மையில் வெடிமருந்துத் தரம் என்பது குற்றச்சாட்டு. அது மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கிலேயே ஐந்து ஆண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

பெரிய டேங்கர்களைவிட எனக்குச் சின்ன வண்டிகள்தான் அதிகப் பயம் தருகின்றன. நாமக்கல் பக்கத்து புல்லட் டேங்கர்களில், அதாவது பெரிய கேஸ் டேங்கர் லாரிகளில், பலகை இருக்கும். எண்ணெய் நிறுவனம் லோடு கொடுக்கும் முன் பார்க்கும். டிரைவர் மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தமிழோ வேறு ஓர் இந்திய மொழியோ, கூடவே ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேபினில் ட்ரெம் கார்டு என்ற அவசரக் குறிப்பு அட்டை இருக்கும். ஆனால் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் போகும் குட்டியானையைப் பாருங்கள். துணி வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கேன்கள், சாயத்துக்கு ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) டிரம் இரண்டும் ஒரே வண்டியில் ஏறும்.

பெராக்சைடு, யு.என். 2014, வகுப்பு 5.1: தீயை வளர்க்கும், தோலையும் அரிக்கும். ஹைட்ரோஸ், யு.என். 1384, வகுப்பு 4.2: தானாகச் சூடாகிப் பற்றிக்கொள்ளும், கொஞ்சம் ஈரம் பட்டாலும் சூடேறும். முதலாவது ஆக்சிஜன் கொடுக்கும், இரண்டாவது அதை வாங்கிக்கொள்ளத் துடிக்கும். இரண்டும் தனித்தனியாகப் பட்டறையில் அன்றாடம் புழங்குபவை. ஒரு கேன் ஒழுகி டிரம்முக்குள் இறங்கினால் அந்த வண்டியை அணைக்க முடியாது. சாய்சதுர லேபிள்களின் இன்னொரு வேலை இதுதான்: எதை எதோடு ஏற்றக் கூடாது என்று லோடு ஏற்றுபவருக்குக் காட்டுவது. மஞ்சளையும், பாதி வெள்ளை பாதி சிவப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கை நிற்க வேண்டும்.

பெராக்சைடு கேனின் மூடியைக் கவனித்தால் அதில் காற்றுப் போக ஒரு சிறு வழி இருக்கும். பெராக்சைடு மெல்ல மெல்ல ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த வழி வேண்டும். அது மேலே இருக்க வேண்டும், அதற்குத்தான் கேனில் மேல்நோக்கிய அம்புக்குறி. படுக்கப் போட்டால் ஒழுகும். மூடி தொலைந்துபோய் வேறு மூடியை இறுக்கினால் கேன் உப்பி வெடிக்கும். பழைய கேன்களைக் கழுவி வேறு ரசாயனம் ஊற்றுவது நம்மூரில் சாதாரணம். அப்போது பழைய லேபிள் அப்படியே ஒட்டியிருக்கும். லேபிளே இல்லாத கேனையாவது சந்தேகத்தோடு தூக்குவோம். தவறான லேபிள் ஒட்டிய கேனை நம்பித் தூக்குவோம்.

தேவையில்லாத இடத்தில் இருக்கும் லேபிளும் கெடுதல்தான். ஆபத்தான சரக்கை இறக்கி, கழுவி, வேறு சரக்கு ஏற்றிய பிறகும் பலகையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஸ்டெப்னி டயர் பாதியை மறைக்கும், மீதியைச் சேறு மறைக்கும். இப்படிப் பத்து வண்டி பார்த்த போக்குவரத்துக் காவலர், பதினொன்றாவதின் பலகையை எதற்கு நம்பப் போகிறார்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது பலகை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, சாலையில் நிறுத்திப் பலகையும் ட்ரெம் கார்டும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அதிகம் நடக்க வேண்டும். ஒழுங்காக எழுதாத அனுப்புநர்மேல் வழக்கு வர வேண்டும். இப்போது பெரும்பாலும் டிரைவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

வழியில் ஒரு டேங்கர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால், காற்று உங்களிடமிருந்து டேங்கரை நோக்கி வீசும் பக்கம் நில்லுங்கள். கிட்டே போய்ப் படிக்க வேண்டாம். தூரத்தில் நின்று மொபைல் கேமராவில் ஜூம் செய்து பலகையைப் பாருங்கள். கேஸோ பெட்ரோலோ என்றால் காற்று வீசும் திசையில் இருப்பவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நடந்து விலகட்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும், அதனால் மேடான பக்கம் போக வேண்டும். 112-ஐக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னதும் அந்த நான்கு இலக்க எண்ணைச் சொல்லுங்கள். சமையல் கேஸ் கசிவுக்கு 1906-ம் உண்டு. எண் தெரியாத தூரம் என்றால் சாய்சதுரத்தின் நிறத்தையும் அதன் கீழ்முனையில் இருக்கும் வகுப்பு எண்ணையும் சொன்னாலும் போதும். கிளம்பும் தீயணைப்பு வண்டி நுரை எடுத்துக்கொள்ள வேண்டுமா, முழு உடல் உடை வேண்டுமா என்று அவர்கள் நிலையத்திலேயே முடிவு செய்துகொள்வார்கள்.